மூடுபனி ஊரில் வீட்டுக்குள் செடி: எல்இடி வளர்ப்பு விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

சென்ற அக்டோபரில் எங்கள் சமையலறை ஜன்னலில் ஒரு குழித்தட்டு நிறைய லெட்யூஸ் விதைத்தேன். ஐந்தாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் ஒவ்வொரு நாற்றும் மூன்று அங்குலம் நீண்டு, வேகவைத்த சேமியாவைப் போல வெளுத்து, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து கிடந்தது. இலை என்று சொல்ல நுனியில் இரண்டு பச்சைப் பொட்டுகள் மட்டும். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வெயில் விருந்தாளியாகிவிடும். எங்கள் வீட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. பின்சுவருக்கும் மண்சரிவுத் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஐந்தடிதான் இடைவெளி. அந்த ஐந்தடி வழியாக வருவதுதான் சமையலறை ஜன்னலின் மொத்த வெளிச்சம்.

அவசரப்பட்டு இணையத்தில் ஒரு விளக்கு வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மாட்டியதும் சமையலறை முழுவதும் ஊதா. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வீட்டு மீட்டரை வைத்து எண்ணிப் பார்த்தபோது அந்த ஆயிரம் வாட் விளக்கு இழுத்தது 97 வாட். எப்படி எண்ணினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதன் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: விளக்கைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஜன்னலில் தொடங்க வேண்டும். ஜன்னல் எவ்வளவு தருகிறது, செடி எவ்வளவு கேட்கிறது, நடுவில் பற்றாக்குறை எவ்வளவு என்று தெரிந்தால் கடைக்காரர் எதைக் காட்டினாலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

மலையில் கணக்கு வேறு

வளர்ப்பு விளக்கு பற்றிய புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் செய்தவை. அவர்களுக்குக் குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. நீலகிரி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய பதினொன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே டிசம்பரின் குறுகிய பகல்கூட ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். ஜூனின் நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால். நமக்குப் பகலின் நீளத்தில் குறையில்லை. அந்தப் பகலை மேகம் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

அதுவும் எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில் தின்பதில்லை. உதகையின் மேற்கிலும் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம்தான் இருட்டு. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கொடைக்கானலிலும் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். ஜனவரி தொடங்கி மார்ச் வரை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இரவில் உதகைப் பள்ளங்களில் உறைபனி விழும், பகலில் கண் கூசும். ஆகவே நமக்கு வேண்டியது ஆண்டு முழுவதும் ஒரே அளவில் எரியும் விளக்கில்லை. கூட்டவும் குறைக்கவும் முடிகிற, டிம்மர் உள்ள விளக்கு வேண்டும். மற்ற வசதிகளை விட்டாலும் இதை விடாதீர்கள்.

‘தெற்கு ஜன்னலில் வையுங்கள்’ என்ற அறிவுரையையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. ஜூனில் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் கிடையாது. டிசம்பரில் நிலைமை தலைகீழ்.

உதகை தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் செடிகள் விளக்கில்லாமல் நன்றாகத்தானே இருக்கின்றன என்று ஒரு நண்பர் கேட்டார். பூங்கா 1848இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் மழைக்கும் பனிக்கும் கண்ணாடியைத்தான் நம்பினார்கள். ஆனால் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிற்கும் செடிக்குத் தலைக்கு மேல் முழு வானமும் தெரியும். என் ஜன்னல் செடிக்குப் பக்கவாட்டில் ஒரு துண்டு வானம், அதிலும் பாதியைத் தடுப்புச் சுவர் எடுத்துக்கொள்கிறது. மேகமூட்டமான நாளில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருவதால், எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவுதான் செடிக்குக் கூலி.

படி 1: ஜன்னலை அளப்பது

ஒளியை மழையாக நினைத்துக்கொண்டால் அலகுகள் பயமுறுத்தாது. எஸ்டேட்டுகளில் மழைமானி வைத்திருப்பார்கள். இந்த நிமிடம் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது ஒன்று. மறுநாள் காலை எட்டரைக்கு எத்தனை மில்லிமீட்டர் சேர்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. ஒளியிலும் இதேதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு விழும் ஒளித்துகள்களின் அளவு பிபிஎஃப்டி, மைக்ரோமோலில் சொல்வார்கள். நாள் முழுவதும் சேர்ந்த மொத்தம் டிஎல்ஐ, அது மோலில் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). மூன்றாவதாக பிபிஎஃப் என்று ஒன்று வரும். விளக்கு விநாடிக்கு மொத்தமாக எவ்வளவு உமிழ்கிறது என்ற கணக்கு அது. கடையில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய எண் இதுவே.

இவற்றை நேராக அளக்கும் கருவி விலை அதிகம். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி போதும். சின்ன லக்ஸ் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, செடிக்கானது இல்லை. ஆனாலும் மாற்றிக்கொள்ள வழி உண்டு. பகல் வெளிச்சமானால் லக்ஸை 54ஆல் வகுங்கள். வெள்ளை எல்இடியானால் சுமார் 70ஆல் வகுங்கள். வருவது பிபிஎஃப்டி. ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு உதவாது. சிவப்பும் நீலமும் லக்ஸ் கணக்கில் மிகக் குறைவாகவே விழும்.

மோசமான மாதத்தில், மோசமான நாளில் அளக்க வேண்டும். நல்ல வெயில் நாளில் அளந்து விளக்கு வாங்குவது கோடையில் அளவெடுத்து ஸ்வெட்டர் தைப்பதுபோல். கைப்பேசியின் உறையைக் கழற்றி, இலை இருக்கப்போகும் இடத்தில் திரை மேலே பார்க்கும்படி படுக்கவையுங்கள். குனிந்து எட்டிப்பார்க்காதீர்கள், உங்கள் தலையே நிழலாகும். என் சமையலறையில் அக்டோபர் மூடுபனி நாள் ஒன்றில் காலை எட்டு மணிக்கு 1,400, நண்பகலில் 3,000, நான்கு மணிக்கு 1,600 லக்ஸ். சராசரி 2,000. அதை 54ஆல் வகுத்தால் 37 மைக்ரோமோல். பதினொரு மணி நேரப் பகலுக்கு விநாடிகளால் பெருக்கி (37 × 3,600 × 11) பத்து லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1.5 மோல். என் ஜன்னலின் ஒரு நாள் கூலி அது.

ஜனவரியில் அதே இடத்தில் சராசரி 6,000 லக்ஸ். கணக்கிட்டால் 4.4 மோல். மூன்று மடங்கு! ஜன்னலில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.

படி 2: செடியைக் கேட்பது

செடிகளின் பசி ஏறக்குறைய இப்படி. ஆப்பிரிக்கன் வயலட், ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் போன்றவை நாளுக்கு 4 முதல் 6 மோலில் பூக்கும். ஃபெர்ன்களுக்கு அதைவிடக் குறைந்தாலும் போதும். பெரும்பாலான நாற்றுகளுக்கு 6 முதல் 12. லெட்யூஸுக்கு 12 முதல் 16. பீட்சாவில் போடும் இத்தாலியத் துளசிக்கு அதே அளவோ சற்று மேலோ. ஸ்ட்ராபெர்ரிக்கு 17க்கு மேல். தக்காளியும் மிளகாயும் ஒழுங்காகக் காய்க்க வேண்டுமென்றால் 20 முதல் 30.

இங்கேயே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். காய்க்கும் செடிகளை வீட்டுக்குள் விளக்கில் வளர்ப்பது மலையில் பெரும்பாலும் வீண் செலவு. கணக்கை அடுத்த படியில் காட்டுகிறேன். நாற்று, கீரை, வாசனைத் தழை, சின்னப் பூச்செடி, இவற்றுக்கு விளக்கு சோறு போடும்.

என்னிடம் அதிகம் பேர் கேட்பது கறிவேப்பிலை. மலைக்காரர்களுக்கு அது ஒரு ஏக்கம்; கீழே மேட்டுப்பாளையம் போய்விட்டு வந்தால் பையில் ஒரு கட்டு இல்லாமல் வர மாட்டோம். உதகைக் குளிரில் கறிவேப்பிலை முடங்கிப் போவதற்கு முதல் காரணம் குளிர், ஒளி இரண்டாவது. இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் அறையில் எவ்வளவு நல்ல விளக்கு போட்டாலும் அது தளிர்க்காது. மிளகாய் விதைக்கும் இதே கதை: முளைக்கும்வரை அதற்கு வேண்டியது கதகதப்பு. முளைத்த பிறகு விளக்கு. எல்இடி தரும் சூடு அந்தக் குறையை ஈடுகட்டும் என்று நினைக்காதீர்கள். மூடிய அலமாரிக்குள் ஒன்றிரண்டு டிகிரி ஏறலாம், அவ்வளவே.

படி 3: பற்றாக்குறைக் கணக்கு

ஒரே ஒரு முறை பொறுமையாகப் போட்டுவிட்டால் போதும். என் அலமாரித் தட்டு நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம்; 0.56 சதுர மீட்டர். லெட்யூஸ் கேட்பது 12 மோல், ஜன்னல் தருவது 1.5. பற்றாக்குறை 10.5.

விளக்கு நாளுக்குப் பதினாறு மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டால் அது 57,600 விநாடி. 10.5 மோலைப் பத்து லட்சத்தால் பெருக்கி 57,600ஆல் வகுத்தால் 182. இலைமட்டத்தில் வேண்டிய பிபிஎஃப்டி இது. பரப்பு 0.56ஆல் பெருக்கினால் விநாடிக்கு 102 மைக்ரோமோல். விளக்கிலிருந்து புறப்படும் எல்லாமே இலையில் விழாது. சுவரிலும் தரையிலும் கொஞ்சம் போகும். நான்கில் மூன்று பங்கு விழுவதாக வைத்தால் விளக்கின் பிபிஎஃப் 136 இருக்க வேண்டும்.

இப்போது வாட். நல்ல வளர்ப்பு விளக்கு ஒரு ஜூல் மின்சாரத்துக்கு, அதாவது ஒரு வாட் ஒரு விநாடி எரிவதற்கு, 2.5 மைக்ரோமோல் தரும். மிகச் சிறந்தவை 3ஐத் தொடும். 136ஐ 2.5ஆல் வகுத்தால் 54 வாட். மலிவான விளக்கு 1.4தான் தருகிறது என்றால் அதே வேலைக்கு 97 வாட். பதினாறு மணி நேரம், அறுபது நாள் என்று பெருக்குங்கள்: முதலாவது 52 யூனிட், இரண்டாவது 93 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்கட்டணம் கட்டும் நமக்கு, நாற்பது யூனிட் வித்தியாசம் அடுத்த படிநிலைக்கு வீட்டைத் தள்ளிவிடப் போதுமானது. மலிவு விளக்கின் விலை பெட்டியில் முடிவதில்லை.

அதே தட்டில் மிளகாய் காய்க்க 25 மோல் வேண்டுமென்றால், ஜன்னலைக் கணக்கில் சேர்க்காமல், நல்ல விளக்கே 130 வாட் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு 125 யூனிட். அந்தக் காசுக்குக் குன்னூர் மார்க்கெட்டில் மிளகாய் வாங்கி ஊறுகாயே போட்டுவிடலாம்.

இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல செய்தியும் இந்தக் கணக்கில் இருக்கிறது. கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண 20 வாட் எல்இடி டியூப்லைட், வாட்டுக்கு நூறு லூமென் (லக்ஸைப் போலவே கண்ணுக்கான கணக்கு, விளக்கின் மொத்த ஒளிக்கு) என்றால், 2,000 லூமென் தரும். 70ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28 மைக்ரோமோல். அதாவது ஜூலுக்கு 1.4, அந்த ஊதா விளக்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆப்பிரிக்கன் வயலட்டுக்கு என் தட்டில் இரண்டு டியூப், பன்னிரண்டு மணி நேரம், தாராளமாகப் போதும். கீரை நாற்றுக்கு நான்கு. வெறும் நாற்று மட்டும் விடுகிறவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போகலாம். படி 6ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 4: பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

‘1000 வாட்’ என்பது பழைய சோடியம் விளக்குக்குச் சமம் என்று விற்பவர் சொல்லும் ஒப்பீடு; அல்லது உள்ளே இருக்கும் சில்லுகளின் உச்சத் தாங்கு திறனைக் கூட்டிப் போட்ட எண். உண்மையில் இழுக்கும் வாட் சின்ன எழுத்தில் எங்காவது இருக்கும். இல்லாவிட்டால் வீட்டு மீட்டர் சொல்லும். மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். என்னுடையதில் 3,200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜையும் மறக்காமல், விளக்கை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் எண்ணினேன். 52 சிமிட்டல். மணிக்கு 312; அதை 3,200ஆல் வகுத்தால் 0.097 யூனிட். ஆக 97 வாட். குடையைப் பிடித்துக்கொண்டு மீட்டர் பெட்டி முன்னால் நின்று எண்ணிய என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, “என்ன தம்பி, மீட்டருக்கு மந்திரம் சொல்கிறாயா?” என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. உண்மையான வாட் எவ்வளவு? பிபிஎஃப் எவ்வளவு? எந்த உயரத்தில், எவ்வளவு பரப்பில் என்ன பிபிஎஃப்டி என்ற கட்டப்படம் இருக்கிறதா? டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடி சில்லுகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, எந்த நிறுவனத்துடையது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பிபிஎஃப் எண்ணைச் சொல்லாத விளக்கை நான் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டப்படத்தில் நடுவிலுள்ள எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்; மூலைகளைப் பாருங்கள். நடுவில் 600, மூலையில் 90 என்றால் நடுச்செடி கருகும், ஓரச்செடி நீளும்.

சாம்சங்கின் எல்எம்301 வரிசைச் சில்லுகளும் மீன்வெல் டிரைவரும் நல்ல பெயர் எடுத்தவை. அதனாலேயே அந்தப் பெயர்களைப் போட்டுக்கொண்டு போலிகளும் வருகின்றன. பெயரைவிட ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற எண்ணும், அதைக் காட்டும் சோதனை அறிக்கையும் நம்பகமானவை.

வடிவத்தைப் பொறுத்தவரை, அலமாரித் தட்டுக்குக் குச்சி போன்ற நீள விளக்குகளே சரி. ஒளி பரவலாக விழும், இலைக்கு அருகில் தொங்கவிடலாம். சதுரப் பலகை விளக்கு தரையில் வைக்கும் பெரிய தொட்டிகளுக்கு. ஸ்டாண்டில் வளைந்து நிற்கும் கிளிப் விளக்குகள் மேசைமேல் ஒற்றைத் தொட்டிக்குச் சரி. ஒரு தட்டு நாற்றுக்குப் போதாது.

படி 5: நிறம்

‘செடிக்குச் சிவப்பும் நீலமும் போதும், பச்சை வீண்’ என்பது ஊதா விளக்கு விற்பவர்களின் வேதம். பச்சையம் அரைத்த கரைசலில் அளந்தால் அப்படித்தான் தெரியும். முழு இலையை வைத்து அளந்தவர் மெக்கிரீ என்ற ஆய்வாளர்; அவருடைய அளவீடுகள் 1972இல் வெளிவந்தன. அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை, பச்சையும் சேர்த்து, எல்லா நிறத்தையும் இலை பயன்படுத்திக்கொள்கிறது என்று அவை காட்டின. பச்சை ஒளி இலையின் அடிப்பகுதிவரை இறங்கவும் செய்கிறது.

இன்று கிடைக்கும் வெள்ளை எல்இடி உண்மையில் நீலச் சில்லுதான். மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆகவே வெள்ளை விளக்கில் நீலம் ஏற்கெனவே இருக்கிறது. சிவப்புதான் சற்றுக் குறைவு. 3,000 முதல் 4,000 கெல்வின் (வெள்ளையின் சாயலைக் குறிக்கும் எண்) வெள்ளையும் அதோடு 660 நானோமீட்டர் சிவப்புச் சில்லுகள் சிலவும் சேர்ந்த விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான செடிகளுக்கு அது பொருந்தும். 730 நானோமீட்டர் தொலைசிவப்பு, புற ஊதா என்று கூடுதலாக விற்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம். தொலைசிவப்பு தண்டை நீட்டும்; மூடுபனி அந்த வேலையை ஏற்கெனவே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது.

ஊதாவின் பெரிய கேடு வேறு. அந்த ஒளியில் இலை கறுப்பாகத் தெரியும். என் வயலட் செடியின் காம்பிடுக்கில் மாவுப்பூச்சி குடியேறியதை நான் மூன்று வாரம் பார்க்கவில்லை. ஒரு நாள் மின்தடை. டார்ச் அடித்துத் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு காம்படியிலும் பஞ்சு வைத்ததுபோல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு எடுத்தேன். இரண்டு செடி பிழைத்தது, மூன்று போனது. நீங்கள் நடமாடும் அறையில் வைக்கும் விளக்கு, செடியைப் பார்க்கவும் உதவ வேண்டும்.

படி 6: ஈரமும் மின்சாரமும்

சமவெளியில் எல்இடியைக் கொல்வது சூடு. இங்கே ஈரம். குளிர்ச்சியான காற்று சில்லுகளுக்கு நல்லது. அவை ஐம்பதாயிரம் மணி நேரம் என்று சொன்னால் நாளுக்குப் பதினாறு மணி நேரக் கணக்கில் எட்டு ஆண்டுக்கு மேல். ஆனால் அதற்கு வெகு முன்பே டிரைவரோ இணைப்புகளோ துருப்பிடித்துப் போகும். தீப்பெட்டி உரசினால் பற்றாத வீட்டில், திறந்த சர்க்யூட் பலகையை அப்படியே விட்டு வைக்கும் விளக்கு வேண்டாம். தூசியும் தெறிக்கும் நீரும் புகாது என்பதைச் சொல்லும் ஐபி65 குறி இருப்பதை வாங்குங்கள். காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீர்த்துளிகள் விளக்கிலும் படியும்; விளக்கு எரியும்போது சூடேறிக் காயும், அணைத்ததும் மறுபடி படியும். இந்தத் தினசரிச் சுழற்சியைத் தாங்குவதாக இருக்க வேண்டும். டிரைவரை விளக்கிலிருந்து பிரித்துத் தொலைவில் உலர்ந்த சுவரில் மாட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

மின்சாரம் அடுத்த தலைவலி. மழைக்காலத்தில் கம்பியில் ஒரு கிளை விழுந்தால் போதும்; போவதும் வருவதுமாகத் துடிக்கும். நூறிலிருந்து 270 வோல்ட்டுக்கு மேல்வரை தாங்கும் டிரைவர் பாருங்கள். இடி மின்னலுக்கு சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் பலகை. தண்ணீரும் மின்சாரமும் ஒரே அலமாரியில் இருப்பதால் எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். இதை டியூப்லைட் போடுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பிளக் பலகையைத் தொட்டிகளைவிட உயரத்தில் மாட்டுங்கள். வயரை நேராக பிளக்குக்குள் கொண்டுபோகாமல், கொஞ்சம் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றுங்கள். வயர் வழியே ஓடிவரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

மலையில் வாங்கினாலும் கோயம்புத்தூரில் வாங்கினாலும் ரிப்பேருக்கு ஒரு நாள் பஸ் பயணம் உண்டு என்பதை நினைவில் வைத்து, டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற விளக்கையே எடுங்கள்.

படி 7: மாட்டுவதும் டைமரும்

குச்சி விளக்குகளை நாற்றுக்கு மேல் எட்டு முதல் பன்னிரண்டு அங்குலத்தில் தொங்கவிட்டுத் தொடங்குங்கள். உயரத்தை மாற்ற முடிகிற சங்கிலி போதும். பிறகு லக்ஸ் மீட்டரை எடுத்து, பகல் வெளிச்சம் குழப்பாமல் இருக்க இரவில், நடுவிலும் நான்கு மூலையிலும் அளவெடுங்கள். எனக்கு வேண்டிய 182 மைக்ரோமோல் வெள்ளை விளக்கில் சுமார் 12,700 லக்ஸ். மூலைகள் நடுவின் பாதிக்கும் கீழே இருந்தால் விளக்கைச் சற்று உயர்த்துங்கள், அல்லது அலமாரியின் பக்கங்களில் வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகை வையுங்கள். இரண்டு குச்சி போதாமல் மூன்றாவது வாங்க நினைத்த நான், பலகை வைத்ததும் அந்தச் செலவைக் கைவிட்டேன்.

டைமரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுற்றும் வட்டு உள்ள மெக்கானிக்கல் டைமர் மலிவு. மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை எரியும்படி வைத்திருந்தேன். நவம்பர் மழையில் விட்டு விட்டு மொத்தம் ஒன்பது மணி நேரம் மின்தடை. அடுத்த வாரம் பார்த்தால் பிற்பகல் இரண்டுக்கு எரியத் தொடங்கி, விடியற்காலை ஆறுக்கு அணைந்துகொண்டிருந்தது. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தண்டமில்லை.

பதினாறு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம்; இருட்டும் செடிக்கு வேலை நேரம்தான். சில செடிகள் இருட்டை எண்ணியே பூக்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பாயின்செட்டியா தொட்டி கொடுத்திருந்தார். அவர் வாசலில் நிற்கும் தாய்ச்செடி டிசம்பரில் சிவந்து நின்றது; என் சமையலறைத் தொட்டி மட்டும் பச்சையாகவே இருந்தது. “நான் கொடுத்த செடியை என்ன செய்தாய்?” என்று சந்தேகமாகக் கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, நீண்ட இரவைத்தான் திருடியிருந்தேன். கலாஞ்சோ, சாமந்திக்கும் இதுவே. பாலக்கீரைக்கு எதிர்ப்பக்கம்: பகல் நீண்டால் கீரை தருவதை விட்டுவிட்டுப் பூத்தண்டு தள்ளும், அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் வைத்து, டிம்மரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 8: முதல் இரண்டு வாரம்

ஜன்னல் வெளிச்சத்துக்குப் பழகிய செடியை நேராக முழு ஒளியில் நிறுத்த வேண்டாம். பாதி அளவில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். பிறகு புது இலையை மட்டும் பாருங்கள். பழைய இலை பழைய கதையைத்தான் சொல்லும். கணுக்களுக்கு இடைவெளி நீண்டால் ஒளி போதவில்லை. விளக்குக்கு நேர் கீழே உள்ள இலைகள் வெளுத்தோ, ஓரம் மேல்நோக்கி மடங்கியோ இருந்தால் அதிகம். குளிர் நாட்களில் இந்தத் தாங்கு அளவு இன்னும் இறங்கும். சமையலறை பன்னிரண்டு டிகிரியில் இருக்கும் காலை நேரத்தில் செடி மெதுவாகத்தான் உண்ணும், இலையில் கொட்டும் ஒளியெல்லாம் செரிக்காது.

தண்ணீர் ஊற்றுவதில் கையை அடக்குங்கள். விளக்கு வந்துவிட்டது, செடி வேகமாக வளரும் என்று ஊற்றத் தோன்றும். மூடுபனிக் காற்றில் குழித்தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவு நான்கு நாளானாலும் காயாது. நாற்றழுகல் ஒரே இரவில் பாதித் தட்டைப் படுக்கவைத்துவிடும். குழித்தட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைந்த பிறகே ஊற்றுகிறேன். ஒரு சின்ன மின்விசிறியை இலைகள் லேசாக அசையும் அளவுக்குத் திருப்பி வையுங்கள். இலை உலர்ந்தால் சாம்பல் பூஞ்சணம் அண்டாது, தண்டும் திடமாகும்.

மாதம் ஒரு முறை விளக்கை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறியதும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சமையலறையானால் தாளித்த எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து படிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரவில், அதே ஐந்து இடங்களில் லக்ஸ் அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் இன்னொரு முறை துடையுங்கள். துடைத்தும் ஏறாவிட்டால் டிம்மரை ஒரு சுற்று கூட்டிவிடுங்கள்.